கதவைப் பூட்டு என்றார் அண்ணர்

அண்ணரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அண்ணரின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, தேவாரங்களைத் தாண்டி இந்த இடத்துக்கு வந்திருப்பீர்கள். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் அக்காமார் இருவரும்தான். இருவருக்கும் அழுகை நிற்காதபடியால் பேனை என் கைக்கு வந்தது. எனக்கும் அழுகை வரும். ஆனால் அது தொண்டையைத் தாண்டும்போது பகிடியாகிவிடும். பிறவிக் கோளாறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செத்தவீட்டில், அண்ணரின் பெட்டியைப் பார்க்க வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரின் காதுக்குள் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"நல்ல மனுசன். ஆனால் பாருங்கோ, ஒரு வெள்ளைக்காரப் பெடியனை வாகனத்தால அடிச்சுப்போட்டு மறியலுக்குப் போனவர் எல்லே."

அண்ணர் சிறைக்குப் போன கதையைச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களில் பலர் இத்தனை வருடமாக நம்பியிருப்பது அதைத்தான். பொலிசும் நம்பியது, நீதிபதியும் நம்பினார், அண்ணியும் நம்பினார். அந்த ஒரு வசனத்தைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணர் இணுவிலில் நாலு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைக்குட்டி நான். பிறந்த அன்றே மருத்துவிச்சியின் மூக்கில் உதைத்தவர் என்று அம்மா சொல்வார். இப்படியான கட்டுரைகளில் இறந்தவரைச் சாந்த சொரூபி என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பல்லை உடைத்தார், ஒன்று அவருடையது. பதினாறு வயதில் பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சொந்தமாகக் கராஜ் போட்டார். நாட்டுக் குழப்பத்தில் அந்தக் கராஜுக்கு நெருப்பு வைத்தார்கள். உள்ளே மூன்று வாகனங்கள். அண்ணர் பின்பக்கத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய் ஒன்றை மட்டும் தள்ளி வெளியே எடுத்தார். முதுகில் அந்தச் சூட்டுத் தழும்பு கடைசிவரை இருந்தது. இவ்வளவு முரடருக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது: தன்னிலும் சிறியவனுக்கு அவர் கை ஓங்கி நான் கண்டதில்லை. எனக்கு ஓங்கியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தார். பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை. காசு கட்ட வந்த ஒருவன் அண்ணரின் சேர்ட்டில் துப்பினான். அண்ணர் அவனுடைய கழுத்துப்பட்டியைப் பிடித்துக் காசு கொடுக்கும் துவாரத்தால் உள்ளே இழுத்தார். துவாரம் சிறியது, தலை பெரியது. வேலை அன்றே போயிற்று. அதன் பிறகுதான் ஈஸ்ட் ஹாமுக்குச் சற்று அப்பால், பழைய கார்களை உடைத்து இரும்பாக விற்கும் டெரி என்பவரின் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தார். உடைப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அண்ணரின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் வேறொரு நாளும் காணவில்லை.

நான் வந்தது எண்பத்தொன்பதில். எனக்கு அப்போது முப்பது வயது, தஞ்சம் கேட்ட வழக்கு முடிவில்லாமல் கிடந்தது, கையில் ஒரு தொழிலும் இல்லை. பகலில் அண்ணருக்குப் பக்கத்தில் நின்று பிழையான ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அந்த யார்டில் கார்களை நசுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு நாள் அதன் வாய்க்குள் ஓர் ஏ ஃபோர்ட்டி பிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஐம்பதுகளில் செய்த, பின்னால் சாமான் பெட்டி வைத்த சிறிய வாகனம். கறள் பிடித்து, கதவுகள் கழன்று, எஞ்சின் இல்லாமல் வெறும் கூடு. அண்ணர் ஓடிப்போய் அதன் பெட்டிக்குள் ஏறி நின்றார். இயந்திரம் ஒரு மட்கார்டைக் கடித்து நொறுக்கிய பிறகுதான் டெரியால் அதை நிறுத்த முடிந்தது.

"உன்னையும் சேர்த்து நசுக்கியிருப்பேன், விசரா!" என்று டெரி தன் பாஷையில் கத்தினார்.

"திஸ் வன் நோ டை" என்றார் அண்ணர், இது சாகாது என்ற அர்த்தத்தில்.

ஊரில் அவர் நெருப்புக்குள்ளிருந்து தள்ளி எடுத்ததும் ஓர் ஏ ஃபோர்ட்டிதான் என்று நினைத்து யாரும் கண் கலங்க வேண்டாம். அது ஒரு மினிபஸ்.

டெரியின் கந்தோர் மேசையில் கிடந்த பழைய சஞ்சிகை ஒன்றில் ஹொட் றொட் என்ற சாமானை அண்ணர் கண்டிருந்தார். பழைய வாகனத்தின் கூரையை வெட்டிப் பதித்து, அதன் வயிற்றுக்குத் தாங்காத பெரிய எஞ்சினை உள்ளே இறக்கி, றோட்டில் போகிறவர்களை வெருட்டுவதுதான் அதன் முழுத் தத்துவம். எங்கள் ஆட்கள் வெம்பிளியிலும் கிங்ஸ்பரியிலும் வீடு வாங்கிய காலம் அது. அண்ணர் சத்தம் வாங்கப் புறப்பட்டார்.

யார்டை ஒட்டி, றெயில் பாலத்தின் கீழ் ஒரு வளைவு வெறுமையாக இருந்தது. அதற்குள் வைத்து வேலையைத் தொடங்கினார். எஞ்சின், நெடுஞ்சாலையில் நொறுங்கிய ஒரு பெரிய காரின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். அந்தக் காரின் ஸ்டியரிங்கில் யாருடையதோ இரத்தம் காய்ந்திருந்தது. அண்ணர் அதைக் கழுவி, ஒரு கட்டி கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தார். பின் அச்சு, பிரேதம் ஏற்றிய கார் ஒன்றுடையது. பெற்றோல் டாங்குக்கு மதுச்சாலை எறிந்த இரும்பு பியர்ப் பீப்பா.

வேலை என்று சொன்னாலும் அது சண்டைதான். காஸ் கட்டரால் கூரையை நாலங்குலம் வெட்டி இறக்கும்போது பொறி பறந்து என் தலைமயிரில் பற்றியது. அண்ணர் என் தலையில் அடித்து அணைத்தார். அணைந்த பிறகும் மூன்று அடி அடித்தார். "கிட்ட வராதை எண்டு சொன்னனான் எல்லே!" எஞ்சினை இறக்கிய நாளில் சங்கிலி அறுந்தது. எஞ்சின் விழுந்து சீமெந்துத் தரை பிளந்தது. அது என் சப்பாத்தின் நுனியைச் சப்பையாக்கிவிட்டு நின்றது. கால் விரல் உள்ளே இல்லை, ஏனென்றால் அந்தச் சப்பாத்து எனக்கு இரண்டு அளவு பெரிது. "பாத்தியா, ஓசிச் சப்பாத்திலயும் ஒரு நன்மை" என்றார் அண்ணர். டெரி எட்டிப் பார்த்து, "இது வாகனமா, கொலை ஆயுதமா?" என்று கேட்பார். அண்ணர் யோசித்துவிட்டு, "போத்" என்பார், இரண்டும்தான் என்று.

அந்தப் பகுதியில் ஐந்து பேர் கொண்ட கூட்டம் ஒன்று திரிந்தது. தலை வழித்த, இருபது வயது மதிக்கத்தக்க பெடியன்கள். எங்கள் கதவில் வெளியே போகச் சொல்லிப் பெயிண்டால் எழுதுவார்கள். அதிலிருந்த எழுத்துப் பிழையை நான் சோக்கால் திருத்தி வைத்தது அவர்களுடைய கோபத்தைக் கூட்டியிருக்கலாம். ஒரு வியாழக்கிழமை அவர்களில் ஒருவன் உள்ளே வந்து காபரேற்றரைக் கழற்றப் பார்த்தான். அண்ணர் அவனை ஃபான் பெல்ட்டால் வெளுத்து அனுப்பினார். முதுகில் மூன்று வரி.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் வந்தார்கள்.

நடந்ததை விளங்கிக்கொள்ள நீங்கள் எங்கள் தமிழை நினைவில் வைக்க வேண்டும். லண்டனில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காக இதை விளக்குகிறேன். திறப்பு, அதாவது சாவி, போட்டுக் கதவை அடைத்தாலும் நாங்கள் பூட்டு என்போம். ஒரு சாமானைப் போல்ட் போட்டுப் பொருத்தினாலும் பூட்டு என்போம். அன்று காலையிலிருந்து நாங்கள் செய்துகொண்டிருந்தது பிக்கப்பின் வலப்பக்கக் கதவைக் கீலோடு பொருத்தும் வேலை. "மேல் பிணைச்சலைப் பிடி, கதவைப் பூட்டு, கெதியாப் பூட்டடா" என்று அண்ணர் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

மத்தியானம் அண்ணர் வாகனத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். நான் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு போல்ட்டோடு மல்லுக்கட்டினேன். வளைவின் பெரிய வாசற்கதவு திறந்தே கிடந்தது. அடியில் படுத்திருந்தபடியால் அண்ணருக்கு யார்டுப் பக்கமிருந்து வரும் பூட்ஸ் கால்கள் தெரிந்தன. பத்துக் கால்.

"எடேய், கதவைப் பூட்டு!"

"பூட்டுறன் அண்ணை."

"கெதியாப் பூட்டடா!"

"பூட்டிக்கொண்டுதான் நிக்கிறன், மேல் போல்ட் பிடிக்குதில்லை!"

"விசரா, கதவை... கதவைப் பூட்டு!"

"ஒரு போல்ட் ஏறிட்டுது, கத்தாதையுங்கோ!"

எனக்கு வாசல் இருபதடியில் இருந்தது. தாழ்ப்பாள் ஒரு கையால் இழுக்கக்கூடியது. நான் இரண்டாவது போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஐந்து பேரும் உள்ளே நின்றார்கள். கையில் மட்டைகளும் இரும்புக் கம்பியும். அந்த வேளையில் என் வாயிலிருந்து வந்த வசனத்தை மறைக்க விரும்பவில்லை.

"சொறி, வீ ஆர் குளோஸ்ட்."

மன்னியுங்கள், கடை பூட்டியாச்சு என்று சொல்லிவிட்டு நான் பிக்கப்புக்குள் ஏறி, ஒற்றைப் போல்ட்டில் தொங்கிய கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அதில் கண்ணாடி இல்லை. கண்ணாடியில்லாத கதவுக்குப் பின்னால் ஒளித்திருந்து எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். அவசரத்தில் பஸ் டிப்போ மனேஜரின் பெயரும் வந்தது.

அவர்கள் அண்ணரைக் காலில் பிடித்து வெளியே இழுத்தார்கள். வெளியே வந்த அண்ணரின் கையில் பெரிய ஸ்பானர் இருந்தது. முதலாமவனின் முழங்காலில் அது பட்டது. அவன் விழுந்து அலறினான். அண்ணர் எழும்பி இரண்டாமவனின் முகத்தில் தலையால் இடித்தார். அதற்குள் இரும்புக் கம்பி அவருடைய முதுகில் இறங்கியது. குப்புற விழுந்தார். இரண்டு பேர் அவரை இழுத்துக்கொண்டு போய் அவருடைய வலக்கையைப் பட்டடை இரும்பின் மேல் அழுத்திப் பிடித்தார்கள். முதுகில் மூன்று வரி வாங்கியவன் எங்களுடைய சுத்தியலையே எடுத்தான்.

நாலு அடி. நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. முதல் அடிக்கு அண்ணர் கத்தினார். அதன் பிறகு கத்தவில்லை.

ஐந்தாமவன் பிக்கப்புக்கும் பின் சுவருக்கும் நடுவில் நின்று முன் லைற்றுகளை மட்டையால் உடைத்துக்கொண்டிருந்தான். ஹோர்ன் அடித்தால் டெரிக்காவது கேட்கும் என்று எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. டாஷ்போர்டில் பெயர் எழுதாத மூன்று சுவிட்சும் ஒரு பொத்தானும் இருந்தன. சுவிட்சுகள் எல்லாவற்றையும் தட்டிப் பொத்தானை அமத்தினேன். ஹோர்ன் அன்றுவரை பூட்டப்படவில்லை. நான் அமத்தியது ஸ்டார்ட்டர். ஹாண்ட் பிரேக் இல்லாதபடியால் உருளாமலிருக்க அண்ணர் வாகனத்தை முதல் கியரில் விட்டிருந்தார்.

எட்டு மாதமாக ஒரு நாளும் உயிர் வராத எஞ்சின் அந்த நிமிடத்தில் பிடித்தது. புகைக்குழாய் பூட்டாத எட்டுத் துவாரமும் வெடித்து நெருப்புக் கக்கின. வளைவு முழுக்க இடி விழுந்தது போலிருந்தது. பிக்கப் பாய்ந்து அந்தப் பெடியனைச் சுவரோடு அடித்து நின்றது. தொடை எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் சத்தத்துக்குள்ளும் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கும்.

சுத்தியல்காரனும் மற்றவர்களும் முழங்கால் போனவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அண்ணர் செய்த முதல் காரியம், நசிந்த கையை மார்போடு சேர்த்துக்கொண்டு வந்து, தோளைக் கொடுத்துப் பிக்கப்பைப் பின்னுக்குத் தள்ளியது. "கியரைக் கழட்டிப்போட்டு இறங்கித் தள்ளடா!" இருவருமாகத் தள்ளினோம். பெடியன் சரிந்தான். அண்ணர் தன் சேர்ட்டைக் கிழித்து அவன் தொடையில் கட்டச் சொன்னார். நான் பிக்கப்பிலிருந்து இறங்கும்போதே வாசலுக்கு ஓடி வந்துவிட்ட டெரி, என்னையும் பெடியனையும் பார்த்துவிட்டு அம்புலன்ஸுக்குப் போன் பண்ணப் போனார்.

அப்போதுதான் அண்ணர் பிக்கப்புக்குள் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? கை..."

"வாகனம் ஓடினது நான்."

"அண்ணை!"

"வாயைப் பொத்து. உன்ரை கேஸ் கிடக்கு. ஒரு வெள்ளையனை அடிச்சுப்போட்டனி எண்டு தெரிஞ்சால் உன்னைப் பிளேன்ல ஏத்திப்போடுவாங்கள். அங்க இறங்கின உடன என்ன நடக்குமெண்டு தெரியும்தானே? நீ பால் வாங்கப் போனனி."

"பால் இருக்கு அண்ணை, இரண்டு போத்தில்."

"அப்ப சீனி வாங்கப் போ நாயே!"

நான் சீனி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது பொலிஸ் நின்றது. கை என்ன என்று கேட்டார்கள். இரண்டு பேர் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள் என்று சொன்னால், அப்போது வாகனத்துக்குள் இருந்தது யார் என்ற கேள்வி வரும். ஆகவே அதற்குச் சற்று முன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது பெல்ட்டுக்குள் கை போனது என்று அண்ணர் சொன்னார். அந்த ஒரு பொய்யால் சுத்தியல் எடுத்தவன் தப்பினான். அடிபட்ட பெடியனிடம் யார் வாகனத்தை ஓட்டியது என்று கேட்டார்கள். அவனுக்கு எங்கள் இருவருடைய முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை; எங்கள் நிறத்தவர்களை ஏசும் பெயரால், எல்லாப் பாக்கியும் ஒரே முகம் என்றான். அவனுடைய துவேசத்தால் நான் பிழைத்தேன் என்பதை அவன் அறியான்.

வழக்கில் அண்ணர் தன்னுடைய சட்டத்தரணியின் பாதிக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் நான் வெளியே வந்துவிடுவேன். ஒன்பது மாதச் சிறை என்று தீர்த்தார்கள், ஆறு மாதம் இருந்தார். அப்போது சிலர் அண்ணி வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். கலியாண அழைப்பிதழ்கள் குறைந்தன.

அண்ணர் வெளியே வந்தபோது வலக்கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. சாப்பிடக் கற்றது போலவே இடக்கையால் வேலையையும் கற்றார். மற்றக் கைக்கு என்னை வைத்துக்கொண்டார். எனக்கு வாகன வேலை தெரியும் என்று இப்போது நீங்கள் நம்பினால், அது அதற்குப் பிந்திய மூன்று வருடத்தின் ஏச்சால் வந்தது. "அது போல்ட், ஆட்டுக்குட்டியில்லை, தடவாதை" என்பார். தொண்ணூற்றைந்தளவில் பிக்கப் றோட்டுக்கு வந்தது. ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட் நோர்த்தால் அதை அவர் முதன்முதல் ஓட்டிப்போன சனிக்கிழமை, நகைக்கடை அலாரம் இரண்டு ஒன்றாக அடித்தன. புடவைக்கடைப் பொம்மை ஒன்று கண்ணாடிக்குள் விழுந்தது. முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். ஊரில் விழும் ஷெல் குண்டு என்று நினைத்துவிட்டார். அண்ணர் நிறுத்தி இறங்கி, அவரைத் தூக்கி, மண் தட்டி, வீடுவரை ஏற்றிக்கொண்டு போய் விட்டார். பெரியவர் வழி முழுக்க அவரை ஏசினார். அண்ணர் முழுவதையும் கேட்டார்.

அதற்கு முந்திய வருடமே என் வழக்கு வென்றது. விசாக் கடிதத்தோடு போய், "இனிப் பயமில்லை அண்ணை, நான் போய் உண்மையைச் சொல்லப்போறன்" என்றேன்.

"ஏன், நான் இருந்த மறியலைத் திருப்பித் தருவாங்களோ?"

"சனத்துக்காவது சொல்லுறன். அண்ணிக்காவது."

"நான் இருக்குமட்டும் மூச்சு விடாதை. அவளுக்குத் தெரிஞ்சால் உன்னைக் கொல்லுவாள். பிறகு அவளும் மறியலுக்குப் போக, எனக்கு ஆர் சமைக்கிறது?"

கடைசி நாட்களில், இருதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் மறுபடி கேட்டேன். ஒக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு, "சீனியை எங்க வைச்சனி?" என்றார். அவர் என்னுடன் பேசிய கடைசிப் பகிடி அதுதான். நான் சிரித்தேன். தாதி என்னை வெளியே போகச் சொன்னார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டையும் சொன்னேன், பொத்தானையும் சொன்னேன். அண்ணி எழும்பி வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காது இரண்டு நாள் கூவியது.

"அந்த ஆறு மாசமும் நான் அவரைப் பாக்கப் போகேல்லை, தெரியுமோ உமக்கு?" என்றார். "கோபக்காரன், தன்ரை கோபத்தால எங்களைத் தெருவில விட்டிட்டான் எண்ட ஆத்திரத்தில ஒரு கடிதம்கூடப் போடேல்லை. வந்த பிறகும் எத்தினை நாள் குத்திக் காட்டினனான். மனுசன் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

என் வாழ்க்கையில் பகிடி வராத நேரம் அது ஒன்றுதான்.

"எழுதும்" என்றார். "கல்வெட்டில எழுதும். வாசிக்கிற எல்லாருக்கும் விளங்கவேணும்."

எழுதிவிட்டேன். அண்ணரைப் பெட்டியில் வைத்துத் தூக்கியவர்களுக்கும், எட்டு நாளும் வீட்டில் அடுப்பை அணையவிடாமல் சமைத்தவர்களுக்கும், கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஓடி வந்தவர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும் எங்கள் குடும்பம் கும்பிடு சொல்கிறது. அன்றைக்கு நான் வாகனத்திலிருந்து இறங்கக் கண்டும், பொலிஸ் இரண்டு தரம் கேட்டும், "நான் ஒன்றும் காணவில்லை" என்று சொன்ன டெரி, சுடலையில் கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டோடு நின்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்தப் பக்கத்தை நானே போய் அவருக்குச் சொல்வேன்.

எங்கள் வீட்டுக்கு வராமல் விட்டவர்களுக்கும் ஒரு சொல். உங்களில் குற்றமில்லை, உங்களுக்குச் சொல்லப்பட்டது பொய். இனி அந்தக் கதையை எங்கேயாவது சொல்ல நேர்ந்தால், ஆறு மாதம் மறியல் இருந்தவர் அண்ணர் என்றே சொல்லுங்கள், அது உண்மை. யாரை வாகனத்தால் அடித்தார் என்று கேட்பார்கள். ஒருவரையும் அடிக்கவில்லை என்று சொல்லுங்கள். பிறகு என் பெயரைச் சொல்லுங்கள். என்னுடைய பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

தம்பி